திஞ்சான் இரவும் கன்னத்தில் குத்திய கம்பியும்

சித்திரை ஒன்று, இரவு பத்தரை மணி. ரங்கூனில் அது தமிழ்ப் புத்தாண்டு மட்டுமில்லை, திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவின் இரண்டாம் நாளும் அதுவே. பகலெல்லாம் குழாயும் வாளியுமாக ஆட்டம் போட்ட தெரு அப்போதுதான் அடங்கியிருந்தது. கரண்ட் இல்லை. மகள் குளியலறையிலிருந்து இடது கன்னத்தைப் பொத்திக்கொண்டு வந்தாள். வாயைத் திறக்காமலே, "ம்மா, குத்துது" என்றாள். 13 வயது. ஊசி போட்டால்கூட அழாத பிள்ளைக்குக் கண் நிறைந்திருந்தது.

போன் டார்ச்சை வாய்க்குள் அடித்துப் பார்த்தேன். மேல்வரிசையில் கடைசிக் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் கம்பியின் முனை ஒரு அரிசி நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு நேரே கன்னத்தின் உள்சதையில் வெள்ளையாக ஒரு புள்ளி, அதைச் சுற்றிச் சிவந்த வளையம். எச்சில் விழுங்கினால் போதும், முனை அதே புள்ளியில் போய் இடித்தது.

பல்லுக்குக் கம்பி கட்டி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. கட்டிய கிளினிக்குக்கு போன் போட்டேன். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. பத்து நாள் விடுமுறை என்று கதவில் பர்மிய மொழியில் எழுதி ஒட்டியிருந்ததை முந்தின வாரம் நானே பார்த்திருக்கிறேன். அப்போது அது என்னைப் பற்றிய விஷயமாகத் தோன்றவில்லை. திஞ்சானில் இந்த ஊரே பூட்டிக்கொள்ளும். பாதி டாக்சி ஓடாது. மோட்டார் சைக்கிளுக்கோ ரங்கூனில் எப்போதும் அனுமதி கிடையாது. தெருமுனையில் சைக்கா என்கிற சைக்கிள் ரிக்ஷா ஓட்டுகிறவரும் ஊருக்குப் போய்விடுவார். வாயில் கம்பியோடு ஒரு பிள்ளை இருக்கிற வீட்டில், அந்தப் பத்து நாளுக்கு யாரைக் கேட்பது என்று முன்னாடியே யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

சொல்லவில்லை. கம்பி கட்டிய அன்று எங்கள் கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். ஆங்கிலத்தில் இருந்தது. பாப்கார்ன் கூடாது, ஆப்பிளைக் கடிக்கக் கூடாது, ஐஸ்கட்டி மெல்லக் கூடாது. எங்கள் வீட்டில் பாப்கார்ன் யார் சாப்பிடுகிறார்கள்? இந்த ஊர்ப் பிள்ளை வாயில் போடுவது லப்பெத் தோக். ஊறிய தேயிலையோடு, கல் மாதிரி வறுத்த அவரையும் பட்டாணியும் பூண்டும் கலந்தது. சாயங்காலம் ஆனால் சூரியகாந்தி விதையை முன்பல்லில் வைத்து உடைத்து உடைத்துத் துப்புவது. அத்தோ என்கிற நூடுல்ஸுக்கு மேலே நொறுக்கிப் போடுகிற பேஜோ என்கிற மொறுமொறுப் பருப்பு வடை. மிளகாய்த்தூள் தொட்ட பச்சை மாங்காய், கொய்யா. அந்தத் தாளில் இதில் ஒன்றுகூட இல்லை. என் மாமியாருக்கு ஆங்கிலம் தெரியாது, பர்மிய எழுத்தும் வாசிக்க வராது. பேத்திக்குச் சாப்பாடு கொடுப்பது அவர்தான். அந்தத் தாள் அவருக்கு எந்த விதத்தில் உதவும்? இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். கம்பி கட்டுகிறவருக்கு அரை மணி நேரம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். அந்த அரை மணி நேரத்தைக் கொடுக்காமல் விட்டதற்கு ஒரு குழந்தை ராத்திரி முழுக்க விலை கொடுக்கிறது.

அத்தை இலவங்க எண்ணெயை எடுத்துக்கொண்டு வந்தார். அவருடைய கைவைத்தியத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் புண்ணான சதையில் அந்த எண்ணெயை அப்படியே தடவினால் இன்னும் எரியும் என்று எனக்குத் தோன்றியது. நகவெட்டி என் கையில் இருந்தது. வெட்டிவிடலாமா என்று நினைத்தேன். டார்ச்சை மகள் பிடிக்க, நான் நகவெட்டியை வாய்க்குள் கொண்டுபோனேன். என் கை நடுங்கியது. வெட்டின துண்டு தொண்டைக்குள் போனால்? அந்த நினைப்பு வந்ததும் நிறுத்திவிட்டேன்.

அப்போதுதான் மூன்றாவது மாடித் தங்கச்சி ஞாபகம் வந்தாள். பல் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் கடைசி வருஷம் படிக்கிற பெண். ரங்கூனிலும் மாண்டலேயிலும் அந்தப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன, அவள் இங்கே படிக்கிறாள். விடுமுறைக்கு வீட்டில்தான் இருந்தாள். நான் படியிறங்கிப் போய்க் கதவைத் தட்ட, தலையில் துண்டோடு, கன்னத்தில் காய்ந்த தனக்கா மரப்பட்டைப் பூச்சோடு கூடவே ஏறி வந்தாள்.

வந்தவள் வாயைப் பார்க்கவில்லை. முதலில் கேள்வி கேட்டாள்.

"பாப்பா, மூச்சு நல்லா விட முடியுதா? எச்சில் முழுங்க முடியுதா? அக்கா, காய்ச்சல் இருக்கா? முகம் ஒரு பக்கம் வீங்கியிருக்கா? ரத்தம் நிக்காம வருதா? எங்கேயாவது விழுந்தாளா, அடி பட்டுதா?"

மூச்சு விடவும் விழுங்கவும் முடிகிறது, மற்ற எல்லாவற்றுக்கும் இல்லை என்றோம்.

"அப்போ இது ஆஸ்பத்திரி கேஸ் இல்லக்கா. வலிக்குது, அதைக் குறைக்கலாம். மிச்சத்தைக் கிளினிக் திறந்ததும் பார்த்துக்கலாம்."

அந்த ஒரு வாக்கியத்தில் வீடே மூச்சு விட்டது. ரெண்டு வருஷம் ஆகிறது, இன்னும் அந்தக் கேள்விகளை நான் வரிசையாகச் சொல்வேன். மூச்சு, விழுங்கல், காய்ச்சல், வீக்கம், ரத்தம், அடி. முதல் ரெண்டுக்கு முடியவில்லை என்றோ, மற்றதில் ஒன்றுக்கு ஆமாம் என்றோ பதில் வந்தால் நேரத்தைப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். அப்படி ஒன்றுமே இல்லையென்றால் கம்பி சம்பந்தமான எந்தத் தொந்தரவும் ஒரு ராத்திரி காத்திருக்கும்.

பிறகு அவள் வாயைப் பார்த்தாள். நான் பார்க்காத இடத்தைப் பார்த்தாள். வலி இடது பக்கம். அவளோ வலது பக்கத்தில் டார்ச்சை அடித்தாள். அங்கே முன்கடைவாய்ப் பல் ஒன்றில் ஒட்டியிருக்க வேண்டிய பிராக்கெட், அதாவது கம்பியைத் தாங்குகிற சின்னத் துண்டு, பல்லை விட்டு வந்து, கம்பியில் கோத்த பாசிமணி மாதிரி சுழன்றுகொண்டிருந்தது. அதைப் பிடித்திருந்தது நீல நிற ரப்பர் வளையம் மட்டும்தான். அதற்கும் பின்னால், கடைவாய்ப் பல்லில் உள்ள சின்னக் குழாயில் கம்பி நுழைந்திருக்க வேண்டும். குழாய் காலியாக இருந்தது.

"இன்னிக்கு என்ன சாப்பிட்டே?"

"மொன் லொன் யே போ."

திஞ்சானுக்கு இங்கே தெருவுக்குத் தெரு பெரிய சட்டியில் தண்ணீர் கொதிக்க வைத்து, ஒட்டரிசி மாவு உருண்டைகளைப் போட்டு, மிதந்து வந்ததும் எடுத்துத் தேங்காய்ப்பூத் தூவிக் கொடுப்பார்கள். உள்ளே பனைவெல்லம். நம் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தங்கை. வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் கொடுப்பது புண்ணியம், வாங்கிக்கொள்வது மரியாதை. அந்த மாவு பல்லைக் கவ்விப் பிடித்தால் லேசில் விடாது. ஒரு கடியில் பிராக்கெட் பெயர்ந்திருக்கிறது. அது பெயர்ந்ததும் அந்த இடத்தில் கம்பிக்குப் பிடிமானம் போய்விட்டது. ஆரம்ப மாதங்களில் போடுகிற கம்பி மெல்லியது, உருண்டையானது, வழுக்கிக்கொண்டு ஓடக்கூடியது. அது வலதிலிருந்து இடதுக்கு நகர்ந்து, வலப்பக்கக் குழாயை விட்டு வெளியே வந்து, அதே அளவுக்கு இடக்கன்னத்தில் நீட்டியிருக்கிறது. நான் இடப்பக்க முனையை வெட்டியிருந்தால் கம்பி நிரந்தரமாகக் குட்டையாகிப் போயிருக்கும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று அந்தக் கம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது சாதாரண இரும்புக் கம்பி இல்லை. நிக்கலும் டைட்டேனியமும் கலந்தது. அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடம் ஒன்றில் வேறு எதற்கோ கண்டுபிடித்த உலோகம், 1970களில் பல் சீரமைப்புக்கு வந்தது. எப்படி வளைத்தாலும் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும். கோணலான பற்களின் வழியாக வளைத்து நெளித்துக் கட்டியதும், அது மெதுவாக நேராகப் பார்க்கும்போது பற்களையும் இழுத்துக்கொண்டு போகிறது. பல்லின் வேருக்கும் எலும்புக்கும் நடுவில் மெல்லிய நார்ச்சவ்வு இருக்கிறது. அழுத்தம் விழுகிற பக்கம் எலும்பு கரைகிறது, இழுபடுகிற பக்கம் புது எலும்பு வளர்கிறது. கம்பியை மாற்றின ரெண்டு மூணு நாளைக்கு எதைக் கடித்தாலும் பல் கூசி வலிப்பது இந்த வேலை நடப்பதால்தான். அந்த வலி பழுது அல்ல. மொஹிங்கா, கஞ்சி, குழைந்த பருப்புச் சாதம், இப்படிச் சாப்பிட்டு ஒரு வாரம் தாண்டினால் போதும்.

தங்கச்சி என் புருவச் சாமணத்தைக் கேட்டாள். அதைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்து, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தாள். மகளை நாற்காலியில் சாய்க்கவில்லை. நேராக உட்கார வைத்து, தலையைக் கொஞ்சம் முன்னால் குனியச் சொன்னாள். சாய்ந்திருந்தால் கழன்ற பொருள் தொண்டைக்குப் போகும், குனிந்திருந்தால் உதட்டுப் பக்கம் விழும். எனக்கு அது தோன்றியிருக்கவே இருக்காது. நான் டார்ச் பிடித்தேன். வலப்பக்கத்தில் ரெண்டு பல்லுக்கு நடுவே கம்பியைச் சாமணத்தால் பிடித்து, நூலிழை நூலிழையாக வலப்பக்கம் நகர்த்தினாள். ஒவ்வொரு நகர்வுக்கும் இடக்கன்னத்தில் முனை உள்ளே போவது தெரிந்தது. கடைசியில் வலப்பக்க முனையை லேசாக வளைத்துக் குழாயின் வாயில் நுழைத்தாள். மூணு தடவை தவறியது. நாலாவதில் நுழைந்தது.

இடப்பக்கம் இன்னும் ஒரு துளி நீட்டிக்கொண்டிருந்தது. பென்சில் பின்னால் இருக்கிற ரப்பரைக் கழுவி, அதால் முனையைப் பல்லோடு ஒட்டினாற்போல் மெதுவாக அழுத்தினாள். பஞ்சு சுற்றிய குச்சி இருந்தாலும் செய்யலாம் என்றாள். "வெட்டுறது கடைசி வழிக்கா. எதுவுமே முடியல, கிளினிக்கும் இல்ல, சதையைக் கிழிக்குதுன்னா மட்டும். அப்பவும் பின்னால ஈரத்துணியை மடிச்சு வெச்சு, துண்டு அதுல விழற மாதிரி வெட்டணும்."

பிராக்கெட் கழன்றதை என்ன செய்வது என்று கேட்டேன். ஒன்றும் செய்யக் கூடாது என்றாள். ரப்பர் வளையம் பிடித்திருக்கிற வரை கம்பியிலேயே இருக்கட்டும். திரும்பிக்கொண்டு உதட்டில் இடித்தால் நேராகத் திருப்பிவிட்டு மெழுகு வைக்கலாம். முழுக்கக் கழன்று கையோடு வந்துவிட்டால் சின்ன டப்பாவில் போட்டு, டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும்.

எங்களிடம் மெழுகு இல்லை. பல்கம்பிக்கென்று மெல்லிய குச்சிகளாக விற்கிற மெழுகு ஒன்று இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். கரண்ட் போகிற ஊர் இது, வீட்டில் மெழுகுவர்த்திக்குப் பஞ்சமில்லை. எடுத்து நீட்டினேன். வேண்டாம் என்றாள். அது கெட்டியானது, உதிரும், வாயில் வைக்கச் செய்ததும் இல்லை. அன்று ராத்திரிக்குக் கன்னத்துக்கும் முனைக்கும் நடுவே ஈரப்பஞ்சை உருட்டி வைத்தாள். தூங்கும்போது எடுத்துவிடச் சொன்னாள். முனை உள்ளே போய்விட்டதால் அதற்கு மேல் தேவையும் இருக்கவில்லை.

புண்ணுக்கு ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு. வாயில் வைத்து அரை நிமிஷம் அலசித் துப்ப வேண்டும், ஒரு நாளைக்கு நாலைந்து தடவை. வலிக்குப் பாராசிட்டமால். பிள்ளையின் எடையைப் பார்த்து, கிலோவுக்கு 15 மில்லிகிராமுக்கு மேல் போகாமல், வேளைக்கு வேளை குறைந்தது நாலு மணி நேரம் இடைவெளி விட்டு, நாளைக்கு நாலு வேளைக்கு மேல் இல்லாமல். ஆஸ்பிரின் மட்டும் கூடவே கூடாது. 16 வயதுக்குள் இருக்கிற பிள்ளைகளுக்கு அது மூளையையும் ஈரலையும் தாக்குகிற அபூர்வ நோயைக் கொண்டுவரக்கூடும். வலிக்கிற பல்லுக்குப் பக்கத்தில் ஆஸ்பிரின் மாத்திரையை அடக்கி வைக்கிற பழக்கம் நம் பெரியவர்களுக்கு உண்டு. அது ஈறை வெந்துபோன மாதிரி ஆக்கிவிடும். இலவங்க எண்ணெயைப் பற்றியும் அத்தையிடம் அவளே சொன்னாள். "பாட்டி, உங்க எண்ணெய் சொத்தைப் பல்லுக்கு நல்லதுதான். புண்ணுக்கு வேணாம், எரியும்." அத்தை தலையசைத்து, சீசாவைப் பத்திரமாக அலமாரியில் வைத்தார்.

மறுநாள் காலை மெழுகு வந்தது. ரங்கூனின் பழைய அடுக்குவீடுகளில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. படி செங்குத்தாக இருக்கும், லிஃப்ட் கிடையாது. அதனால் ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் ஒரு கயிறு தொங்கும், நுனியில் ஒரு கிளிப். பேப்பர், காய்கறிப் பை, பில், எல்லாம் அதில் மாட்டி மேலே போகும். எதிர்வீட்டு அண்ணியின் மகனுக்குக் கம்பி கட்டி ஒரு வருஷம். தங்கச்சி சொல்லி அவர்கள் வீட்டிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எங்கள் கயிற்றில் மாட்டினார்கள். நான் இழுக்க இழுக்க, கீழே நின்ற பிள்ளைகள் அதன் மேலும் வாளித் தண்ணீரை வீசினார்கள். சொட்டச் சொட்ட வந்தது. உள்ளே அஞ்சு வெள்ளைக் குச்சிகள்.

மெழுகு வைப்பதில் ஒரே ஒரு சூட்சுமம்தான், அது தெரியாமல்தான் பலர் "வெச்சா விழுந்துடுது" என்கிறார்கள். ஈரத்தில் அது ஒட்டாது. முதலில் பல்லைத் தேய்த்துச் சாப்பாட்டுத் துணுக்கை எடுக்க வேண்டும். பிறகு அந்த இடத்தைப் பஞ்சாலோ டிஷ்யூவாலோ ஒற்றி உலர்த்த வேண்டும். மெழுகில் பட்டாணி அளவு கிள்ளி, விரல் நுனிகளுக்கு நடுவே உருட்டினால் உடம்புச் சூட்டில் இளகும். அந்த உருண்டையைப் பிராக்கெட்டின் மேல் வைத்து அழுத்தி, ஓரத்தைச் சுற்றிலும் அமுக்கிவிட வேண்டும். கன்னம் இப்போது மெழுகின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். விழுங்கிவிட்டாலும் பயமில்லை. பல் தேய்க்கும்போது எடுத்துவிட்டுப் புதுசு வைக்க வேண்டும். மகள் ரெண்டே நாளில் கண்ணாடி பார்க்காமல் வைக்கக் கற்றுக்கொண்டாள்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்குத் தெரிந்த குடும்பத்தில், இதே மாதிரி பிராக்கெட் கழன்ற பையனுக்கு அவன் மாமா கடையில் விற்கிற உடனடிப் பசையால் ஒட்டிவிட்டார். நல்லெண்ணத்தோடு செய்ததுதான். அது தப்பான கோணத்தில் இறுகி, கம்பி அந்தப் பல்லைத் திருப்பத் தொடங்கியது. உதட்டிலும் பசை பட்டுத் தோல் உரிந்தது. டாக்டர் அதைச் சுரண்டி எடுப்பதற்குள் பல்லின் மேல்பூச்சில் கீறல் விழுந்துவிட்டது. பிராக்கெட் ஒட்டுவது பசை தடவி அழுத்துகிற காரியமில்லை. பல்லின் எனாமலில் பாஸ்பாரிக் அமிலத்தை அரை நிமிஷம் போல் வைத்துக் கழுவுகிறார்கள். வழவழப்பான அந்தப் பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் துளைகள் விழுகின்றன. ஒரு சொட்டு எச்சில்கூடப் படாமல் உலர்த்தி, அந்தத் துளைகளுக்குள் பிசினை இறங்க வைத்து, நீல ஒளி காட்டி இறுக்குகிறார்கள். எனாமலை இப்படி அமிலத்தால் சொரசொரப்பாக்கலாம் என்று 1955இல் பூனோகோர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் காட்டினார். அதற்கு முன்னால் ஒவ்வொரு பல்லுக்கும் முழு வளையம் மாட்டித்தான் கம்பி கட்டினார்கள். இந்த வேலையைச் சாப்பாட்டு மேசையில் வைத்து யாராலும் செய்ய முடியாது. கழன்ற பிராக்கெட் ஒரு வாரம் கழன்றே இருந்தால் சிகிச்சை சில வாரம் தள்ளிப் போகலாம். பசை போட்டால் பல்லுக்கே கேடு வரலாம்.

கடைவாய்ப் பல்லைச் சுற்றி மாட்டுகிற பேண்டு தளர்ந்தால் மட்டும் கொஞ்சம் சீக்கிரம் காட்ட வேண்டும். வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது, ஆனால் அடியில் சாப்பாடு போய்த் தங்கி, சத்தமில்லாமல் சொத்தை பிடிக்கும்.

உண்மையான அவசரங்களுக்கு வருகிறேன். முதலாவது, கழன்ற துண்டு தொண்டைக்குள் போவது. விழுங்கிவிட்டு இருமல் இல்லாமல், மூச்சுத் திணறாமல், சாதாரணமாக இருந்தால் பெரும்பாலும் வயிற்று வழியாகத் தானே போய்விடும். ஆனாலும் டாக்டருக்குச் சொல்ல வேண்டும். இருமல் விடாமல் வந்தால், மூச்சில் விசில் மாதிரிச் சத்தம் கேட்டால், நெஞ்சில் குத்தினால், அது மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கலாம். கிளினிக்கைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது, ரங்கூன் பொது மருத்துவமனை மாதிரி எக்ஸ்ரே எடுக்கிற இடத்துக்கு நேராகப் போக வேண்டும். விழுங்கும்போது வலித்தாலும், வயிறு வலித்தாலும், வாந்தி வந்தாலும் அப்படியே.

இரண்டாவது, அடி. திஞ்சானில் மண்டபங்களிலிருந்து ரப்பர்க் குழாயில் பீய்ச்சுகிற தண்ணீர் முகத்தில் நேராக அடித்தால் என்ன வேகம் இருக்கும் என்று லாரியில் போனவர்களுக்குத் தெரியும். மற்ற நாளில் கால்பந்தும் சின்லோன் என்கிற பிரம்புப்பந்து ஆட்டமும் இருக்கின்றன. கம்பி கட்டிய வாயில் அடி பட்டால் உதடு பிராக்கெட்டில் மாட்டிக் கிழியும். மாட்டியிருந்தால் பிய்த்து இழுக்கக் கூடாது, உதட்டைப் பல்லோடு அழுத்தி மெதுவாக விடுவிக்க வேண்டும். சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தால் ரத்தம் நிற்கும். பத்துப் பதினைந்து நிமிஷத்தில் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரி. பல் ஆடினால், இடம் மாறினால், அன்றைக்கே பல் மருத்துவர். நிலையான பல் முழுதாகப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டால் அங்கே நிமிஷக் கணக்கு. வேரைத் தொடாமல் தலைப்பகுதியைப் பிடித்து, மண் இருந்தால் பாலிலோ குளிர்ந்த தண்ணீரிலோ ஒரு சில விநாடி மட்டும் அலசி, முடிந்தால் அதே குழியில் திரும்ப வைத்து, துணியைக் கடித்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். முடியாவிட்டால் பாலில் போட்டு எடுத்துக்கொண்டு ஓட வேண்டும், அரை மணிக்குள் போய்ச் சேர்ந்தால் நல்லது. பால் என்றால் சர்க்கரை சேர்க்காத வெறும் பால். இந்த ஊரில் பால் என்றதும் டீக்கடைத் தகர டப்பாவில் இருக்கிற கெட்டிப்பால்தான் கைக்கு வரும். அது ஆகாது.

மூன்றாவது, முகம் வீங்கிக் காய்ச்சல் அடிப்பது, வாயைத் திறக்க முடியாமல் போவது. அது கம்பியின் பிரச்சினையே இல்லை, சீழ் பிடித்திருக்கிறது. உப்புத் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

நம் பிள்ளைகளுக்கென்று ஒரு கேள்வி உண்டு, அந்த ஆங்கிலத் தாளில் எதிர்பார்க்கவும் முடியாது. எதிர்வீட்டு அண்ணியின் மகனுக்கு அலகு குத்துவதாக வேண்டுதல் இருந்தது. கன்னத்தின் இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வருகிற வேல், பல்லுக்குப் பக்கத்தில் கம்பியும் பிராக்கெட்டும் இருக்கிற வாய்க்குள்ளே போகிறது. ஊர்வலத்தில் ஒரு தள்ளு விழுந்தாலும் அது பிராக்கெட்டில் மாட்டி இழுக்கும், குத்தின இடம் கிழியும். கோயில் பெரியவரிடம் போய்க் கேட்டார்கள். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "கம்பி கழட்டின பிறகு குத்தட்டும், அம்மா காத்திருப்பா. இந்த வருஷம் பால்குடம் எடுக்கச் சொல்லு." பையன் பால்குடம் எடுத்தான்.

கிளினிக் திறந்த அன்று காலையிலேயே போய் நின்றோம். அங்கே ஒரு புது சயாமா, பெண் டாக்டர், இருந்தார். நடந்ததையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். மகளின் கன்னத்துப் புண் அதற்குள் ஆறி இளஞ்சிவப்பாகியிருந்தது. பிராக்கெட்டைக் கழற்றிச் சுத்தம் செய்து, பல்லைத் தயார்படுத்தித் திரும்ப ஒட்ட இருபது நிமிஷம் ஆனது. கம்பி இனி ஓடாமலிருக்க அதன் நடுவில் ஒரு சின்னத் தடுப்பு வைத்தார். அப்படி ஒன்று இருக்கிறது என்றால் முதல் நாளே ஏன் வைக்கவில்லை என்று கேட்டேன். முகம் சுளிக்காமல், வைத்திருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார். அந்த நேர்மைக்கு நான் நன்றி சொன்னேன். ஆனாலும் வாசலில் ஒட்டுகிற விடுமுறை அறிவிப்பில் ஒரு போன் நம்பராவது எழுதுங்கள் என்று கேட்டேன். அடுத்த விடுமுறைக்கு எழுதியிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும், ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு நடக்கிற கூடத்தில் ஒட்ட ஒரு பக்கம் எழுதினேன். தங்கச்சி திருத்திக் கொடுத்தாள். அத்தைக்கு வாசித்துக் காட்டினேன், அவருக்குப் புரியாத இடங்களை மாற்றினேன். 'ஆர்ச் வயர்' என்று எழுதியதை 'நீளக் கம்பி' என்று மாற்றியது அவர்தான். லப்பெத் தோக்கில் வறுத்த பருப்பை ஒதுக்கிவிட்டுத் தேயிலையை மட்டும் சாப்பிடலாம் என்பதைச் சேர்த்ததும் அவர்தான். மாங்காயை மெல்லிசாகச் சீவிக் கடைவாயில் வைத்து மெல்லலாம், முன்பல்லால் கடிக்கக் கூடாது. உருண்டை தின்றே ஆக வேண்டுமென்றால் ஸ்பூனால் நாலாக வெட்டி.

சமையலறை அலமாரியில் பழைய பிஸ்கட் டப்பா ஒன்று இருக்கிறது. மெழுகு, சாமணம், பல்லிடுக்குத் துலக்கும் குட்டி பிரஷ், சின்னக் கண்ணாடி, பென்சில் ரப்பர், பாராசிட்டமால், சார்ஜ் போட்ட டார்ச். டப்பாவின் மூடியில் தங்கச்சியின் நம்பரும் கிளினிக் நம்பரும். பள்ளிக்கூடப் பையில் இன்னொரு சின்னப் பெட்டி, அதில் மெழுகு மட்டும்.

போன மாதம் ஒரு ராத்திரி, கரண்ட் இல்லாத நேரம், கீழேயிருந்து யாரோ எங்கள் கயிற்றை ஆட்டினார்கள். அடுத்த சந்திலிருக்கும் பாய்வீட்டு அக்கா. அவர் மகளுக்குக் கம்பி கட்டி மூன்று நாள்தான் ஆகிறது, உதடெல்லாம் உரசுகிறதாம். நான் எழுந்திருப்பதற்குள் மகள் டப்பாவைத் திறந்து மெழுகுப் பெட்டியைக் கிளிப்பில் மாட்டிவிட்டாள். கயிற்றை மெதுவாக இறக்கிக்கொண்டே பால்கனியில் குனிந்து கேட்டாள்.

"ஆன்ட்டி, காய்ச்சல் இருக்கா? முகம் வீங்கியிருக்கா?"

"இல்லம்மா, உரசுது, அவ்வளவுதான்."

"அப்போ முதல்ல பஞ்சால ஒத்திக் காய வைங்க. அப்புறமா மெழுகு. ஈரத்துல வெச்சா நிக்காது."